கொன்ராட்டின் நாவலில் யாருக்குப் பேச்சு இருக்கிறது?

"ஜோசப் கொன்ராட்டின் 'இருளின் இதயம்' இனவெறி நூல் என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே ஆதாரத்தோடு சொல்லிவிட்டார். பிறகும் ஏன் அதைச் செவ்வியல் நாவல் என்று பாடத்தில் வைத்திருக்கிறார்கள்? அதை இன்னும் படிக்கத்தான் வேண்டுமா? சோதனையில் நான் எந்தப் பக்கம் நின்று எழுதுவது?" கொழும்பில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. நான் பல காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வரும் நாவல் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

நேரே சொன்னால், அச்செபேயின் முக்கியமான குற்றச்சாட்டு சரி. நாவலைப் படிக்கவும் வேண்டும். இரண்டும் முரண் போலத் தெரிவதற்குக் காரணம், "கொன்ராட் நல்லவரா கெட்டவரா" என்ற கேள்வியோடு நாங்கள் தொடங்குவதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் நாவலைப் பற்றி அதிகம் தெரிந்துவிடாது. அந்த நூலில் யாருக்குப் பேச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நூறு பக்கத்துச் சொச்சம் நீளமுள்ள கதை அந்த இடத்தில்தான் திறக்கும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேம்ஸ் நதியில் நங்கூரம் போட்டிருக்கும் ஒரு பாய்க்கப்பலில் இருந்து மார்லோ என்ற மாலுமி நண்பர்களுக்குத் தன் பழைய பயணத்தைச் சொல்கிறான். ஐரோப்பியக் கொம்பனி ஒன்றின் நீராவிப் படகை ஓட்டிக்கொண்டு ஆபிரிக்க ஆறு ஒன்றில் மேல்நோக்கிப் போனவன் அவன். ஆற்றின் அந்தத்தில் குர்ட்ஸ் என்ற முகவர் இருக்கிறான். யானைத்தந்தம் சேர்ப்பதில் எல்லாரையும் மிஞ்சியவன்; ஓவியன், பேச்சாளன், நாகரிகத்தைப் பரப்ப வந்ததாகச் சொல்லிக்கொண்டவன். போய்ப் பார்த்தால் அவன் வீட்டைச் சுற்றிக் கம்பங்களில் மனிதத் தலைகள். 'காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும்' சங்கம் ஒன்றுக்கு அவன் எழுதிய அழகான அறிக்கையின் அடியில், பிறகு கிறுக்கிய ஒரு வரி இருக்கிறது: அந்த மிருகங்களை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று.

கொங்கோ என்ற பெயரோ லியோபோல்ட் மன்னனின் பெயரோ நூலில் எங்கும் இல்லை. ஆனால் கதை நடக்கும் இடம் அதுதான். பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை கொங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். முதலில் யானைத்தந்தம், பிறகு றப்பர். அதற்காகக் கட்டாய வேலை, பணயக்கைதிகள், வெட்டப்பட்ட கைகள். கொன்ராட் 1890-இல் 'றுவா தே பெல்ஜ்' என்ற நீராவிப் படகில் அங்கே வேலை செய்தார். கப்டன் காய்ச்சலில் விழுந்தபோது சில நாட்கள் படகைத் தானே நடத்தினார். திரும்பி வரும்போது அந்தப் படகில் ஏற்றப்பட்ட முகவர் ஒருவர் வழியில் இறந்துபோனார். போலந்துப் பெற்றோருக்குப் பிறந்து, ரஷ்யப் பேரரசின் அடக்குமுறையில் பெற்றோரோடு நாடுகடத்தப்பட்டு வளர்ந்த பிள்ளை கொன்ராட் என்பதையும் மனதில் வையுங்கள். அடக்குபவனின் இனிய பேச்சில் அவருக்கு இருந்த சந்தேகம் அந்த வயதிலேயே தொடங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது முதற் பகுதியிலிருந்து ஒரு காட்சியைக் கிட்ட நின்று பார்ப்போம். கொம்பனியின் நிலையத்துக்கு மார்லோ வந்து சேர்கிறான். கழுத்தில் இரும்பு வளையம், ஒருவரோடொருவர் சங்கிலியில் பிணைப்பு, தலையில் மண் கூடை: ஆறு பேர் வரிசையாகப் போகிறார்கள். அந்தக் காட்சியைத் தவிர்க்க மரநிழலுக்குள் இறங்குகிறான். அங்கே வேலை வாங்கிச் சக்கையான மனிதர்கள் சாகக் கிடக்கிறார்கள். இளைஞன் ஒருவனின் கையில் மார்லோ தன் சட்டைப்பையிலிருந்த பிஸ்கட் ஒன்றை வைக்கிறான். விரல்கள் மெல்ல மூடுகின்றன. வேறு அசைவு இல்லை. அவன் கழுத்தில் வெள்ளைக் கம்பளி நூல் ஒன்று கட்டியிருக்கிறது. ஏன் கட்டினான், எங்கே எடுத்தான், அடையாளமா, அலங்காரமா, நேர்த்தியா என்று மார்லோ யோசிக்கிறான்.

அடுத்த பக்கத்திலேயே கொம்பனிக் கணக்கர் வருகிறார். கஞ்சி போட்ட கொலர், பளிச்சென்ற மணிக்கட்டுப் பட்டி, ஒழுங்கான பேரேடுகள். இப்படி உடுப்பை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நிலையத்துப் பெண் ஒருத்தியைப் பழக்கியிருக்கிறேன், அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, கஷ்டமாகத்தான் இருந்தது என்கிறார். அவருடைய அறையில் நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். அந்த முனகல் தன் கவனத்தைக் கலைக்கிறது, கணக்கில் பிழை வந்துவிடும் என்று கணக்கர் குறைப்படுகிறார்.

காலனித்துவம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பொய்யை இவ்வளவு குறைந்த இடத்தில் கிழித்துப் போட்ட எழுத்து அந்தக் காலத்தில் அபூர்வம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த வெள்ளை நூலுக்குத் திரும்பிப் போங்கள். இத்தனை கேள்வி கேட்ட மார்லோ, அந்த இளைஞனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. கொன்ராட்டுக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கணக்கருடைய துணி தோய்க்கும் பெண்ணுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பதைக்கூட கணக்கர் வாயால்தான் கேட்கிறோம். நாவலின் கோபமும் நாவலின் குருட்டுத்தனமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் நூற்றாண்டு காலச் சண்டை முழுவதும் விளங்கும்.

வெளிவந்த காலத்தில் யாரும் இதை இனப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. 1899-இல் 'பிளாக்வுட்ஸ்' சஞ்சிகையில் மூன்று மாதம் தொடராக வந்தது. தொடக்கம் அந்தச் சஞ்சிகையின் ஆயிரமாவது இதழில். பேரரசை மதிக்கும் வாசகர்கள் கூடும் இடம் அது. 1902-இல் வேறு இரண்டு கதைகளோடு சேர்ந்து நூலானது. மதிப்புரைகள் நடையைப் பற்றித்தான் அதிகம் பேசின. சிலருக்கு அது அதிசயம். சிலருக்குச் சொல் அதிகம். ஆனால் கொங்கோ சீர்திருத்த இயக்கத்தை நடத்திய ஈ. டி. மொரல், இந்த விடயத்தில் எழுதப்பட்டவற்றுள் மிக வலிமையானது இதுதான் என்றார். கொங்கோ கொடுமைகளைப் பற்றி 1904-இல் வந்த அறிக்கையை எழுதிய ரோஜர் கேஸ்மென்ட், கொன்ராட் கொங்கோவில் சந்தித்துப் பழகியவர். கேஸ்மென்ட் உதவி கேட்டபோது கொன்ராட் கடுமையான கண்டனக் கடிதம் எழுதிக்கொடுத்தார்; இயக்கத்தில் சேர மட்டும் மறுத்துவிட்டார்.

பிறகு விமர்சகர்களின் காலம். எஃப். ஆர். லீவிஸ் 1948-இல் கொன்ராட்டை ஆங்கில நாவலின் பெரும் மரபில் சேர்த்தார். ஆனால் இதே கதையில் சொல்லமுடியாத, விளங்கமுடியாத என்று பெயரடைகளை அடுக்கி மர்மம் காட்டுவதைக் குறையாகச் சொன்னார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது மனித மனத்தின் இருட்டுக்குள் போகும் பயணம் என்று பாடமானது. அந்த வாசிப்பில் ஆறு மனதாகிவிட்டது, காடு அடிமனமாகிவிட்டது, கொங்கோ மக்கள் காணாமலே போனார்கள். இலட்சக்கணக்கானோர் செத்த ஓர் இடத்தை ஒரு வெள்ளையனின் மனநிலைக்கு உவமையாக்கிப் பரிசுக் கட்டுரை எழுதினார்கள். எனக்கு இந்த விமர்சகர்கள் மேல் உள்ள கோபம் கொன்ராட் மேல் இல்லை.

1975 பெப்ரவரி 18-ஆம் தேதி, மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அச்செபே எழுந்து பேசினார். அவருடைய முதல் நாவல் அப்போதே 17 வருடமாக உலகம் முழுக்கப் படிக்கப்பட்டு வந்தது. கொன்ராட் ஒரு பச்சை இனவெறியர் என்று அந்த மேடையில் சொன்னார். பின்னாளில் அச்சில் அந்த அடைமொழியை மட்டும் மாற்றினார், குற்றச்சாட்டைத் தளர்த்தவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் மனிதத்தன்மையைப் பறிக்கும் நாவலைப் பெருங்கலை என்று சொல்லலாமா என்று கேட்டு, முடியாது என்று தானே பதில் சொன்னார்.

அவர் உரையை வசை என்று நினைப்பவர்கள் அதைப் படிக்காதவர்கள். அது ஒரு நுணுக்கமான வாசிப்பு. ஆபிரிக்கர்கள் இந்த நூலில் வாய் திறந்து சொல் பேசும் இடங்கள் இரண்டே இரண்டு என்று எடுத்துக்காட்டினார். ஒன்று, கரையில் நிற்பவர்களைப் பிடித்துத் தா, தின்னப் போகிறோம் என்பது. மற்றது, குர்ட்ஸ் செத்துவிட்டான் என்று சொல்வது. மற்ற எல்லா இடத்திலும் அவர்களுக்குச் சத்தம் உண்டு, பேச்சு இல்லை. படகின் கொதிகலனைப் பார்க்கும் ஆபிரிக்கரை, காற்சட்டை போட்டுப் பின்னங்காலில் நடக்கும் நாய்க்கு மார்லோ ஒப்பிடுவதையும் அச்செபே எடுத்துக்காட்டினார். குர்ட்ஸின் காட்டுக் காதலிக்கு ஒரு வசனமும் இல்லை. ஐரோப்பாவில் காத்திருக்கும் மணப்பெண்ணுக்கு நீளமான உரையாடல். ஒரு சில்லறை ஐரோப்பிய மனம் உடைவதற்கு ஆபிரிக்காவை வெறும் மேடைத்தட்டியாக்கியது என்ன அகங்காரம் என்பது அவர் கேள்வி. பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து, ஆபிரிக்கர் பேசும் இடங்களுக்குக் கோடு போடச் சொல்வேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கோடு போட இடமில்லாமல் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியது குறைவு.

எதிர்வாதங்கள் பல வந்தன. அது மார்லோவின் பார்வை, கொன்ராட்டின் பார்வை அல்ல என்பது முதலாவது. அச்செபே இதை உரையிலேயே எதிர்பார்த்திருந்தார்: அப்படியானால் மார்லோவை அளந்து பார்க்க வேறோர் அளவுகோலை நூலுக்குள் எங்காவது வைத்திருக்கவேண்டும், கொன்ராட் வைக்கவில்லை. இது எனக்குச் சரியாகவே படுகிறது.

அவர் தன் காலத்து மனிதர், அக்காலத்தில் வேறு மாதிரிப் பார்க்க முடியாது என்பது அடுத்தது. இதை நான் ஏற்கவே மாட்டேன். கொன்ராட் போன அதே 1890-ஆம் ஆண்டு, அதே ஆற்றில், ஜோர்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் பயணம் செய்தார். கண்டதையும் அங்குள்ளவர்களிடம் கேட்டதையும் வைத்து லியோபோல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஸ்டான்லி நீர்வீழ்ச்சி, யூலை 18 என்று போட்டிருக்கிறது. கொன்ராட்டின் படகு அங்கே போய்ச் சேர்ந்தது செப்டெம்பர் தொடக்கத்தில். ஆறு கிழமை வித்தியாசம். ஏமாற்று ஒப்பந்தங்கள், சங்கிலி, அடிமை வேலை, கொலை எல்லாவற்றையும் வில்லியம்ஸ் வரிசைப்படுத்திக் குற்றம் சாட்டினார். ஆக, அந்தக் காலத்திலேயே அந்த மக்களிடம் கேட்கலாம், அவர்கள் சொன்னதை எழுதலாம் என்று நினைத்த மனிதர் இருந்தார். உலகம் அவரை மறந்தது, கொன்ராட்டைப் பாடமாக்கியது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். அதை எழுதியவர் எங்கள் ஆள். இலங்கைத் தமிழரான சார்ள்ஸ் சர்வன் சாம்பியாவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எங்கள் ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆபிரிக்க மாணவர்களுக்கு முன்னால் நின்று கற்பித்த அனுபவத்தோடு, 1980-இல் சர்வன் அச்செபேக்கு மறுமொழியாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். தன் காலத்து நம்பிக்கைகளின் தொற்றிலிருந்து கொன்ராட் முழுவதும் தப்பவில்லை, ஆனால் அதிலிருந்து விடுபட முயன்றதில் பெரும்பாலானோரை விட முன்னால் நின்றார் என்பது அவர் முடிவு. கென்ய எழுத்தாளர் நுகுகி வா தியாங்கோ தன்னிடம் சொன்ன ஒரு கருத்தையும் அதில் பதிவு செய்திருக்கிறார். அச்செபேயின் குற்றச்சாட்டில் நுகுகிக்கு உடன்பாடு உண்டு. ஆனாலும் குர்ட்ஸ் வீட்டு வாசலில் கம்பங்களில் குத்திய அந்தத் தலைகளைப் போல, காலனித்துவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வலிமையான படிமம் எந்த ஆபிரிக்க எழுத்தாளரும் படைக்கவில்லை என்றார். அந்தப் படிமம் வெறும் கற்பனையும் அல்ல. ஸ்டான்லி நீர்வீழ்ச்சி நிலையத்தில் ஓர் அதிகாரி பூப்பாத்தியைச் சுற்றி வெட்டிய தலைகளை வைத்திருந்த செய்தி, நாவல் வெளிவருமுன்பே சஞ்சிகைகளில் வந்திருந்தது.

பாலஸ்தீன-அமெரிக்க விமர்சகர் எட்வர்ட் சயித் 1993-இல் சொன்னது இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வைக்கவேண்டியது. ஏகாதிபத்தியம் என்பது ஆளுகையும் நிலப்பறிப்பும் என்று கொன்ராட்டுக்குத் தெரிந்தது. அது முடிந்து அந்த மக்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே வாழ்வார்கள் என்று அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

நாங்கள் இலங்கையில் இருந்து படிப்பதால் இன்னொரு நூலையும் பக்கத்தில் வைக்கலாம். லெனார்ட் வுல்ஃப் 1904 கடைசியில் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று அரசாங்க அதிகாரியாக இருந்தவர். ஊருக்குத் திரும்பி 1913-இல் 'காட்டிலுள்ள கிராமம்' என்று நாவல் எழுதினார். கொன்ராட்டின் கதை நூலாகிப் பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது. இதை எழுதியவரும் பேரரசின் ஊழியர்தான். ஆனால் அவர் நாவலின் நடுவில் நிற்பவர்கள் சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவன் இரண்டு பெண்பிள்ளைகளும். வெள்ளைக்காரர் ஓரத்தில் ஒரு நீதவானாக மட்டும் வருகிறார். சிலிந்துவும் மருமகன் பாபுனும் நீதிமன்றத்தில் நிற்கும் இடத்தைப் படியுங்கள். என்ன நடக்கிறதென்று விளங்காமல் நிற்கும் இரண்டு பேரின் தலைவிதி, அவர்களுக்குப் பிடிபடாத ஒரு முறையில் எழுதப்படுகிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய முறைப்பாட்டில் கையெழுத்து வைத்த எந்தக் கொழும்புத் தமிழருக்கும் அந்தப் பக்கம் சுடும். பேச்சில்லாமல் நிற்பது இங்கும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு பறிபோன விதத்தை வுல்ஃப் காட்டுகிறார். கொன்ராட்டில் அது இயற்கை போல இருக்கிறது. இந்த நூலை இங்கே இன்னும் அதிகம் பேசவேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அச்செபே தந்த அந்தப் பென்சிலை எங்கள் புத்தகங்களிலும் ஓட்டிப்பார்க்க வேண்டாமா? கொழும்பு வீடுகளைப் பற்றித் தமிழில் எழுதிய கதைகளில் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த சிறுமி எத்தனை தடவை கதவைத் திறக்கிறாள், தேத்தண்ணி கொண்டுவருகிறாள், "சரிங்கம்மா" என்று சொல்லிக் குசினிக்குள் போகிறாள். அவள் ஊர் எது, என்ன நினைத்தாள், கதை கேட்பதில்லை. சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுத வந்த பிறகுதான் அந்த மக்கள் தங்கள் வீட்டுக்குள் தங்கள் பேச்சில் கதைப்பதை மற்றவர்கள் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களை, இது இழிசனர் வழக்கு என்று அறுபதுகளில் பண்டிதர்கள் கண்டித்தார்கள். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதி 1972-இல் வெளியிட்டபோதும் இது இலக்கியமா பிரசாரமா என்ற கேள்விதான் முன்னால் வந்தது. பேச்சில்லாதவனுக்குப் பேச்சுக் கொடுத்தால் கலைநயம் போதாது என்பார்கள். கொடுக்காமல் விட்டால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அச்செபே அமெரிக்காவில் உடைத்தது இந்த வழக்கத்தைத்தான். அதனால் அது ஆபிரிக்கப் பிரச்சினை மட்டும் என்று தள்ளிவிட எங்களுக்கு உரிமை இல்லை.

சோதனைக்கு வருவோம். பக்கம் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தங்கச்சி. "அச்செபே சொல்கிறார், ஆனால் சர்வன் சொல்கிறார்" என்று மேற்கோள்களை மாறி மாறி அடுக்கும் விடைத்தாள் யாரையும் அசைக்காது. ஒரு காட்சியை எடுங்கள். கணக்கரும் மரநிழலும் வரும் இடமே போதும். அந்தப் பக்கத்தில் கொன்ராட் எதைக் கண்டார், யாரிடம் கேட்கவில்லை என்று உங்கள் சொந்தச் சொல்லில் எழுதிவிட்டு, பிறகு விமர்சகர்களைக் கூப்பிடுங்கள். அச்செபேயின் முடிவை ஏற்காமல் அவர் காட்டிய சான்றை ஏற்கலாம். நான் அப்படித்தான் நிற்கிறேன்: பெருங்கலை அல்ல என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் தன் குறையை இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடிக்க விடும் எழுத்து சின்ன எழுத்து அல்ல. நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதையே எழுதுங்கள், சான்று மட்டும் நாவலுக்குள்ளிருந்து வரட்டும்.

அச்செபேயின் முதல் நாவலை இதுவரை படிக்கவில்லை என்றால், உரையைத் தொடுமுன் அதைப் படியுங்கள். எங்கள் என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். அதன் நாயகன் ஒக்கொன்க்வோவின் முழு வாழ்வையும் நாங்கள் பார்த்து முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளை அதிகாரி, தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பந்தி ஒதுக்கலாம் என்று கணக்குப் போடுகிறான். 1975 உரையில் அச்செபே எதற்காகக் கோபப்பட்டார் என்பது அங்கே விளங்கும். கொன்ராட்டை வாங்குவதானால் நோர்ட்டன் விமர்சனப் பதிப்பாகப் பாருங்கள். 1988-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அச்செபேயின் உரையும் சர்வனின் கட்டுரையும் நாவலோடு ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. பழைய பிரதி கிடைத்தாலும் போதும்.